தொப்பியின் உள்பட்டை: மெத்தை வைத்தால் சுகம் வருமா?

வாசகர் கேள்வி, மார்ச் 3

நில அளவை வேலை எனக்கு. காலையில் தொப்பி போட்டால் சாயங்காலம்தான் கழற்றுவேன். அகல விளிம்பு வைத்த கேன்வாஸ் தொப்பி, அளவு 58. பதினொரு மணிக்குள் நெற்றியில் சிவப்புக் கோடு விழுந்துவிடுகிறது, அப்புறம் தலைவலி. உள்ளே இருக்கும் பட்டையின் மேல் சுற்றிலும் ஃபோம் ஒட்டினால் மெத்தென்று இருக்கும் என்று நினைக்கிறேன். எத்தனை மில்லிமீட்டர் ஃபோம் வாங்கலாம்?

மார்ச் 3, இரவு

ஃபோம் வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒட்டாதீர்கள்.

காரணம் சாதாரணக் கணக்கு. சுற்றிலும் 3 மி.மீ. ஃபோம் ஒட்டினால் உள்வட்டத்தின் ஆரம் 3 மி.மீ. குறையும். சுற்றளவு அதைப் போல 6.28 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 19 மி.மீ. குறையும். தொப்பியில் ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வித்தியாசமே 1 செ.மீ.தான். 58 தொப்பியை நீங்களே 56 ஆக்கிக்கொள்கிறீர்கள். ஃபோம் அமுங்குமே என்பீர்கள். பாதி அமுங்கினாலும் ஒரு அளவு போய்விட்டது. அதோடு, அமுங்கிய ஃபோம் சும்மா இருக்காது, திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கடையில் போட்டவுடன் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தை நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். பத்து நிமிடம் போடும் தொப்பிக்கும் பத்து மணி நேரம் போடும் தொப்பிக்கும் தேவை வேறு.

மார்ச் 4

நெற்றியில் மட்டும் ஏன் கோடு விழுகிறது, பொட்டில் (கண்ணுக்கும் காதுக்கும் நடுவே) ஏன் விழுவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா?

ஒரு நாடாவை இழுத்துப் பிடித்து வளைவான ஒரு பொருளின் மேல் வைத்தால், வளைவு எங்கே அதிகமோ அங்கே நன்றாக அழுத்தும். தட்டையான இடத்தில் அழுத்தம் குறையும். இழுவிசையை வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். தலை முட்டை வடிவம். நெற்றியின் இரண்டு முனைகளிலும் பின்மண்டையிலும் வளைவு அதிகம், காதுக்கு மேலே பக்கவாட்டில் கிட்டத்தட்ட தட்டை. பட்டை சுற்றிலும் ஒரே இழுவையில் இருந்தாலும் வலி முன்னாலும் பின்னாலும்தான் வரும்.

இன்னொன்று, அகலம். அதே இழுவையை இரண்டு மடங்கு அகலமான பட்டை தாங்கினால் அழுத்தம் பாதி. மலிவுத் தொப்பிகளில் 2 செ.மீ. பட்டைதான் வருகிறது. நல்ல ஃபெல்ட் (ரோமத்தை அழுத்திச் செய்த கெட்டித் துணி) தொப்பிகளில் தோல்பட்டை நாலைந்து செ.மீ. இருக்கும். அழகுக்காக வைத்தது அல்ல அது.

மார்ச் 4, மாலை

முதலில் ஒரு சோதனை. தொப்பியை அரை மணி நேரம் போட்டிருந்துவிட்டுக் கழற்றுங்கள். உடனே வீட்டில் யாரையாவது விட்டு நெற்றி, இரண்டு பொட்டு, பின்மண்டை எல்லாவற்றையும் போனில் படமெடுக்கச் சொல்லுங்கள்.

சுற்றிலும் ஒரே மாதிரித் தடம் என்றால் அளவு சின்னது. முன்னும் பின்னும் மட்டும் தடம், பக்கத்தில் விரல் நுழைகிறது என்றால் வடிவம் பொருந்தவில்லை. மெல்லிய கோடாக, கயிறு கட்டின மாதிரித் தடம் என்றால் தையல். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மார்ச் 6

வடிவம் பற்றி மேலும் கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு தலை 20 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம். இன்னொன்று 19 நீளம், 17 அகலம். இஞ்சி டேப் வைத்து அளந்தால் இரண்டும் 56½ செ.மீ.க்குச் சற்று மேலே, ஒன்றுபோலவே காட்டும். கடைக்காரர் இரண்டு பேருக்கும் 57 எடுத்துத் தருவார். முதல் ஆளுக்கு நெற்றியில் குத்தும், பக்கத்தில் காற்று போகும். இரண்டாம் ஆளுக்குப் பொட்டில் இறுக்கும். இரண்டு பேரும் பட்டை மட்டம் என்றுதான் திட்டுவார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் இதற்கென்றே ஒரு கருவி செய்தார்கள். கான்ஃபார்மேட்டர் என்று பெயர். பார்க்க மேலே மூடி போட்ட உயரமான தொப்பி மாதிரி இருக்கும். சுற்றிலும் பியானோக் கட்டைகள் போல மெல்லிய பட்டைகள். தலையில் வைத்தால் ஒவ்வொரு பட்டையும் தலையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வெளியே தள்ளப்படும். மேலே உள்ள மூடியைக் கீழே அழுத்தினால் ஊசி முனைகள் ஒரு சின்ன அட்டையில் தலையின் உருவத்தைக் குறுக்கிக் குத்திவிடும். அந்த அட்டையைக் கடையில் பேர் எழுதி வைத்துக்கொள்வார்கள். அடுத்த தொப்பிக்கு ஆள் வரவேண்டியதில்லை, அட்டை போதும். பழைய தொப்பிக் கடைகள் சிலவற்றில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அந்த அட்டைகளின் படங்களைப் பார்த்தால் தெரியும்: இரண்டு பக்கமும் ஒரே அச்சாக இருக்கும் தலையே அபூர்வம்.

நமக்கு அந்தக் கருவி வேண்டாம். பேட்டர்ன் வெட்டுகிறவர்கள் வைத்திருக்கும் வளையும் ஸ்கேல் போதும். அதுவும் இல்லையா, எலக்ட்ரிக்கல் கடையில் கெட்டியான செம்புக் கம்பி ஒரு மீட்டர். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் தள்ளிச் சுற்றி, தலையோடு ஒட்ட வளைத்து, வடிவம் கெடாமல் கழற்றிக் காகிதத்தில் வரையுங்கள். தொப்பியைக் கவிழ்த்து அதன் உள்வாயையும் வரையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எங்கே முட்டுகிறது, எங்கே இடைவெளி என்று தெரிந்துவிடும்.

மார்ச் 7

இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் 4 குறிப்பில் சொன்ன நாடாக் கணக்கு மென்மையான துணித் தொப்பிக்கும் எலாஸ்டிக் வைத்ததற்கும் முழுக்கப் பொருந்தும். விறைப்பான தொப்பி அப்படி நடக்காது. கஞ்சி ஏற்றின ஃபெல்ட், வைக்கோல் தொப்பி, பக்ரம் என்ற விறைப்புத் துணி வைத்துத் தைத்தது, இவையெல்லாம் வளைந்து கொடுக்காமல் தன் வடிவத்தைத் தலைமேல் திணிக்கும். அங்கே மார்ச் 6-இல் சொன்ன வடிவப் பொருத்தம்தான் முதல் காரணம், நாடாக் கணக்கு அப்புறம். கேன்வாஸ் இரண்டுக்கும் நடுவே. புதுசில் விறைப்பு, பத்துத் தடவை துவைத்தபின் துணி.

மார்ச் 10

தலைவலி வெயிலால் வருகிறதா தொப்பியால் வருகிறதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தலைவலிகளின் சர்வதேச வகைப்பாட்டில் வெளி அழுத்தத்தால் வரும் தலைவலி என்று தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது. தொப்பி, ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி இவற்றால் வருவது. அழுத்தம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வரவேண்டும், அழுத்தம் நீங்கி ஒரு மணி நேரத்துக்குள் போகவேண்டும், அழுத்துகிற இடத்தில் வலி அதிகம் இருக்கவேண்டும். உங்களுக்குத் தொப்பியைக் கழற்றி நிழலில் உட்கார்ந்து சீக்கிரம் சரியாகிறதென்றால் தொப்பியைச் சந்தேகப்படலாம். ஆனால் நிழலில் உட்கார்ந்ததாலேயே சரியாகியிருக்கலாம் என்பதால், ஒருநாள் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே தொப்பியோடு உட்கார்ந்து பாருங்கள். அப்போதும் வந்தால் பட்டைதான். கழற்றிய பிறகும் வலி நிற்கிறது, வாந்தி வருகிறது, தலை சுற்றுகிறது என்றால் டாக்டரிடம் போங்கள், தையல்காரரிடம் வராதீர்கள்.

புருவ எலும்பின் மேல் விளிம்பை விரலால் தடவினால், மூக்கை ஒட்டிய பாதியில் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். நெற்றிக்குப் போகும் நரம்பு அங்கேதான் வெளியே வந்து மேலே ஏறுகிறது. தொப்பியைத் தாழ்த்திப் போடுகிறவர்களுக்குப் பட்டை நேராக அதன் மேல் உட்காரும். ஒரு விரல் மேலே ஏற்றிப் போட்டாலே சிலருக்குப் பாதி வலி குறையும். காசு செலவில்லாத வைத்தியம்.

மார்ச் 14

கேள்வி கேட்டவர் தொப்பியையே கூரியரில் அனுப்பிவிட்டார். மேஜை மேல் இருக்கிறது.

பட்டையை வெளியே திருப்பிப் பார்த்தேன். நெற்றி பக்கம் எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கறுத்து, பளபளவென்று ரெக்சின் மாதிரி ஆகியிருக்கிறது. அதற்கு மேலே அலை அலையாக வெள்ளைக் கோடுகள், உப்பு. நகத்தால் சுரண்டினால் பொடியாக வருகிறது. பட்டைக்குள் முன்பே ஒரு மெல்லிய ஃபோம் இருந்திருக்கிறது. தையலைப் பிரித்ததும் மஞ்சள் தூளாகக் கொட்டியது.

ஆனால் கோடு விழுந்ததற்குக் காரணம் இவை எதுவும் இல்லை. பட்டைக்குப் பின்னால் கை வைத்தேன், கயிறு மாதிரி ஒரு மேடு. விளிம்பு இரண்டு மடிப்புக் கேன்வாஸ், மேல்பகுதி ஒரு மடிப்பு, லைனிங், பட்டை, இவ்வளவும் ஒரே தையலில் சேர்கிறது. தையலுக்கு விட்ட துணி எல்லாம் ஒரே நீளத்தில் நறுக்கப்பட்டு, மேல்நோக்கி மடிந்து, சரியாக நெற்றியில் உட்கார்ந்திருக்கிறது. இதன் மேல் ஃபோம் ஒட்டியிருந்தால் அந்த மேடு இன்னும் 3 மி.மீ. உள்ளே வந்திருக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த எக்ஸ்போர்ட் யூனிட்டில் இந்த இடத்துக்கு நேரமே கொடுக்க மாட்டார்கள். ஓவர்லாக் அடித்து, பட்டையைப் போட்டு மூடு, அடுத்த பீஸ். மூடிவிட்டால் சோதிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. போடுகிறவர் நெற்றிக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

வைத்தியம்: பட்டையைப் பிரித்து, உள்ளே தையலுக்கு விட்ட துணியைப் படிப்படியாக நறுக்குவது. ஒன்று 3 மி.மீ., அடுத்தது 5, அடுத்தது 8. எல்லாம் ஒரே இடத்தில் முடியாமல் சரிவாகிவிடும். பிறகு கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுவது. ஜீன்ஸ் தைக்கிறவர்கள் கால் மடிப்பில் செய்வதுதான். கடைசியில் மேல்பகுதிப் பக்கமாக மடித்துத் தட்டைத் தையல் ஒன்று ஓட்டிவிட்டால் மேடு அடங்கிவிடும்.

மார்ச் 15

“வியர்வையை நன்றாக உறிஞ்சும் பட்டை எது?” என்று இரண்டு மூன்று பேர். டவல் துணி என்று பதிலும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால்தான். கன்னத்தில் வழிந்து தரையில் சொட்டினால் குளிர்ச்சி இல்லை. பட்டைக்குள் ஊறி அங்கேயே நின்றாலும் கிட்டத்தட்ட அதே கதி. காற்றே போகாத இடத்தில் தடிமனான டவல் பட்டையைச் செருகினால் ஈரத்தைச் சேமித்து வைக்கிறோம். நிறைந்ததும் மொத்தமாகக் கண்ணுக்குள் இறங்கும்.

ஆகவே உறிஞ்சுவது பாதி வேலை. காற்றுக்கு வழி விடுவது மீதி.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த தொப்பி, வெள்ளைக்காரர் காலத்துச் சோலா தொப்பி. அதன் உள்பட்டை தொப்பியின் சுவரில் ஒட்டியிருக்காது. நடுநடுவே சின்னச் சின்னக் கட்டைகள் வைத்துப் பட்டையைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தியிருப்பார்கள். கீழிருந்து காற்று ஏறி, உச்சியில் இருக்கும் துளை வழியாக வெளியே போகும். தலையைப் பட்டைதான் தொடும், தொப்பி தொடாது. அந்தத் தொப்பி எதனால் செய்தது தெரியுமா? நெட்டி. தஞ்சாவூரில் பெரிய கோயில் உருவமும் மாலையும் செய்கிறார்களே, அந்த நீர்ச்செடியின் தண்டுதான். ஆட்சியாளர் தொப்பி என்பதால் அது மறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பட்டை அமைப்பும் கூடவே மறைந்ததில் வருத்தம் உண்டு.

மார்ச் 16

கட்டைக்குப் பதிலாக மடித்த நிட் துணி (பனியன் மாதிரிப் பின்னல் துணி) வைக்கலாமா? வைக்கலாம். அதைத்தான் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

மார்ச் 19

துணி.

திருப்பூரில் யாரைக் கேட்டாலும் இந்த எண்களைச் சொல்வார்கள். சாதாரண ஈரப்பதத்தில், காற்றிலுள்ள ஈரத்தைத் தன் உலர்ந்த எடையில் பருத்தி 8.5 சதவீதம் அளவுக்கு இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் 0.4 சதவீதம். கம்பளி 16 சதவீதத்தை ஒட்டி. பாலியெஸ்டர் குடிக்காது, ஆனால் இழைகளுக்கு இடையே ஈரத்தை வேகமாகக் கடத்தும். பருத்தி குடிக்கும், விடுவதற்கு நேரமாகும். கம்பளி குடித்த பிறகும் கைக்கு ஈரம் தெரியாது, அதனால் ஊட்டி, கொடைக்கானல் ஆட்களுக்கு மெல்லிய மெரினோ கம்பளிப் பட்டையை யோசிக்கலாம். சமவெளியில் கம்பளி என்றாலே ஓடுகிறார்கள்.

என் கைக்குப் பிடித்தது பருத்தி இன்டர்லாக் நிட். சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதா பனியன் துணி, வெட்டின ஓரம் சுருண்டுவிடும். சுருண்ட ஓரம் நெற்றியில் இன்னொரு கோடு. இன்டர்லாக் இரண்டு பக்கமும் வழவழப்பு, ஓரம் சுருளாது, கட் பீஸ் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும். நெய்த துணிதான் வேண்டும் என்றால் கிராஸாக வெட்ட வேண்டும், 45 டிகிரி. நேராக வெட்டின நெசவுத் துணி இம்மியும் கொடுக்காது. கிராஸில் அதே துணி நீளும்.

பழைய வேட்டி கிடைத்தால் அதைவிட நல்ல நெசவுத் துணி இல்லை. கஞ்சி, சாயம், சுருக்கம் எல்லாம் எப்போதோ போயிருக்கும். பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துப் போட்டது ஏழ்மையால் மட்டும் அல்ல.

புதுத் துணி என்றால் வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். தைத்த பிறகு பட்டை சுருங்கினால் தொப்பியையும் இழுத்துக்கொண்டு சுருங்கும்.

மார்ச் 22

கட்டுமான வேலையில் இருக்கும் ஒருவர், மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் துணி மடித்து வைத்துக்கொள்கிறாராம்.

வேண்டாம். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 1919-இல் சான்பிரான்சிஸ்கோவில் புல்லார்ட் நிறுவனம் கேன்வாஸையும் பசையையும் வைத்து வேலைத்தளத் தொப்பி செய்தது. ஓடு தலையில் படாமல் தாங்கும் பட்டைகள், அதாவது தொங்கல் அமைப்பு, இந்த வகைத் தொப்பிக்கு உள்ளே இருக்கும். ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம்தான் உயிரைக் காப்பாற்றுவது. மேலே செங்கல் விழுந்தால் அந்த இடைவெளியில்தான் அடி செலவாகும். அதை நிரப்பினால் அடி நேராக மண்டையில். நம் ஊரில் இதற்கு ஐ.எஸ். 2925 என்று தரம் இருக்கிறது, தொங்கல் அமைப்பும் அதில் அடக்கம்.

நெற்றிப் பட்டையின் மேல் மாட்டுகிற மெல்லிய உறை, அந்த ஹெல்மெட் செய்தவர்களே விற்பது, அது சரி. வேறு எதுவும் உள்ளே போகக்கூடாது. பைக் ஹெல்மெட்டுக்கும் இதே பேச்சு. தெர்மோகோல் மாதிரி இருக்கிறதே என்று உள்ளே சுரண்டி இடம் பண்ணுகிறார்கள். அடியை வாங்கிக்கொள்வதே அந்தத் தெர்மோகோல்தான்.

மார்ச் 23

அந்தக் காலத்தில் தொப்பி செய்தவர்களுக்குப் புத்தி பேதலித்ததாமே, தோல்பட்டையாலா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தோல்பட்டையால் அல்ல. ரோமத்தை ஃபெல்ட் ஆக்க ஒரு பாதரசக் கரைசல் தடவினார்கள், அதன் ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்ததால் நடுக்கமும் மனக்கோளாறும். அமெரிக்காவில் 1941-இல் தான் அது நின்றது. போட்டவருக்கு அல்ல, செய்தவருக்கு வந்த கேடு.

மார்ச் 28

போட்டவருக்கு வருகிற கேடும் உண்டு. நெற்றியில் பட்டை படும் இடத்தில் மட்டும் அரிப்பு, தடிப்பு, தோல் உரிதல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தோல்பட்டை வைத்த தொப்பி.

தோல் பதனிடுவதில் இன்று பெரும்பகுதி குரோமியம் வைத்துத்தான். பதனிடப் போடுவது ஆபத்துக் குறைந்த வகை. சரியாகச் செய்யாவிட்டால் அதில் கொஞ்சம் குரோமியம் 6 என்ற ஆபத்தான வகையாக மாறிவிடும். தோல் ஒவ்வாமைக்குப் பேர் போனது அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2015-லிருந்து உடம்பில் படும் தோல் பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறது. சாயமும் பசையும் காரணமாக இருக்கலாம். தோல் டாக்டர் முதுகில் பேட்ச் ஒட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். அதற்கு முன் ஊகத்தில் களிம்பு வாங்கிப் பூசவேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. நல்ல தொப்பிகளின் உள்பட்டைக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது மெல்லிய செம்மறியாட்டுத் தோல். தாவரப் பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோலுக்குத் தமிழ்நாடே பெயர் பெற்றது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டு, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரிலேயே உலகச் சந்தைக்குப் போனது. திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் இன்றும் செய்கிறார்கள். அடையாற்றில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் கடைகளில் விற்கும் தொப்பிகளில் நான் பார்ப்பதெல்லாம் ரெக்சின் பட்டை. வியர்வையை உறிஞ்சாது, காற்று விடாது, ஒரு வருடத்தில் உரிந்து நெற்றியில் ஒட்டும். ஆவாரம்பட்டைத் தோலில் உள்பட்டை வெட்டித் தரும் ஒரு சின்னப் பட்டறை வந்தால் நானே முதல் வாடிக்கையாளர்.

தோல்பட்டை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நனைந்த தொப்பியை வெயிலில் வைத்தால் தோல் சுருங்கித் தொப்பி இறுகும். பட்டையை வெளியே திருப்பி, நிழலில், பட்டையின் மேலேயே நிற்கும்படி வைத்துக் காயவிட வேண்டும். பட்டையின் பின்பக்கம் ஒரு குட்டி முடிச்சு இருக்குமே, அதுதான் பின்புறம். தொப்பியைத் திருப்பிப் போட்டுவிட்டு நெற்றியில் குத்துகிறது என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். தையல் சேரும் இடமே அங்கேதான், குத்தாமல் என்ன செய்யும்?

ஏப்ரல் 2

“இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, எங்கள் தாத்தா முண்டாசுதான் கட்டினார்” என்று வந்திருக்கிறது.

கேலியாக எழுதியிருந்தாலும் அதில் விஷயம் இருக்கிறது. முண்டாசில் ஒரு சுற்று இன்னொரு சுற்றின் மேல் சாய்வாகக் குறுக்கே போகும். எந்த இரண்டு சுற்றும் ஒரே உயரத்தில் அழுத்துவதில்லை. ஆகவே கோடு விழாது. தளர்த்தி இறுக்க ஒரு விநாடி. நனைந்தால் பிழிந்து, உலர்ந்த பக்கம் உள்ளே வரும்படி கட்டலாம். தலையின் வடிவத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். தொப்பிப் பட்டையிடம் நான் எதிர்பார்க்கும் அத்தனையும் ஒரு துண்டு செய்கிறது. விளிம்பு மட்டும் இல்லை, கண்ணுக்கும் கழுத்துக்கும் நிழல் கிடைக்காது.

சும்மாடும் அப்படித்தான். குடம் தூக்குகிறவர்கள் சும்மாட்டை மெத்தையாக நினைப்பதில்லை, இறுக்கி முறுக்கி வளையமாக வைப்பார்கள். நடு உச்சியில் பாரம் இறங்காமல் சுற்றிலும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. மென்மையைவிட பாரத்தைப் பிரிப்பது முக்கியம் என்று நான் ஆரம்பத்திலிருந்து சொல்வதும் இதுதான்.

ஏப்ரல் 9

அளவையர் தொப்பியில் செய்து முடித்ததை எழுதுகிறேன். வீட்டில் தையல் மிஷின் இருப்பவர் யாரும் செய்யலாம்.

மேட்டைத் தட்டையாக்கியது மார்ச் 14-இல் எழுதிவிட்டேன். அவர் கம்பியில் வளைத்து அனுப்பிய வடிவத்தைப் பார்த்தால் நீளத் தலை. தொப்பி அவரளவுக்கு உருண்டை. முன்னும் பின்னும் இடம் வேண்டும். அதனால் பின்னால் ஒரு கீறல் போட்டு, நிட் துணியில் ஒரு முக்கோணத் துண்டு வைத்து, சுற்றளவை ஒன்றரை செ.மீ. கூட்டினேன். இப்போது தொப்பி தளர்வு. காற்றடித்தால் பறக்கும். பறக்காமல் பிடிக்க வேண்டியது நெற்றி அல்ல, பக்கங்கள். காதுக்கு மேலே, பட்டைக்கும் தொப்பிச் சுவருக்கும் நடுவில், இன்டர்லாக் துணியை மடித்து விரல் அகலத் துண்டுகளாகப் பக்கத்துக்கு மூன்று, இடைவெளி விட்டு நிறுத்தினேன். இடைவெளியில் காற்று ஏறும். மெத்தை வைத்தேன்தான், ஆனால் தலை தட்டையாக இருக்கும் இடத்தில், பட்டைக்குப் பின்னால். தோலுக்கும் பட்டைக்கும் நடுவில் எதுவும் இல்லை.

பட்டை 4 செ.மீ. அகலம், ஒற்றை இன்டர்லாக், நெற்றி பக்கம் மட்டும் இரட்டை. கீழ் ஓரம் மட்டும் தொப்பியோடு சேர்கிறது. மேல் ஓரத்தைத் தைக்கவே இல்லை. மேலும் கீழும் தைத்த பட்டை சுவரோடு சுவராக விறைத்துவிடும். மேல் ஓரம் சும்மா இருந்தால் தலை சரியும் பக்கம் அதுவும் சரியும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலே பல தொப்பிகள் சரியாகிவிடும், வேறு எதற்கும் பொறுமை இல்லாதவர்கள் இதையாவது செய்யுங்கள்.

பட்டையின் இணைப்பு வழக்கப்படி பின்னால் நடுவில் வரவேண்டும். யோசித்துப் பார்த்து, கொஞ்சம் இடது பக்கம் தள்ளினேன். அவருக்குப் பின்மண்டை நன்றாகப் புடைத்திருக்கிறது, அங்கே இணைப்பு வந்தால் நெற்றியில் இருந்த தொல்லை பின்னால் போகும். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல், இரண்டு முனையையும் முட்டவைத்து ஜிக்ஜாக் போட்டேன்.

ஏப்ரல் 11

பட்டையைக் கழற்றி மாட்டும்படி செய்யமுடியுமா என்று அவரே கேட்டார். நல்ல கேள்வி. மத்தியானம் ஊறிப்போன பட்டையை மாற்றி உலர்ந்ததைப் போட்டால் சாயங்காலம் வரை தாங்கும். கீழ் ஓரத் தையலைப் பிரித்துவிட்டு, தொப்பியில் ஒரு நாடா தைத்து, அதில் பிரஸ் பட்டன் வைத்து, இரண்டு பட்டை தைத்து அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 20

தலைக்கு எண்ணெய் வைக்காதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் பட்டையில் ஏறினால் பருத்தி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும், அதுதான் பிரச்சினை. வெறும் தண்ணீரில் அலசினால் உப்பு போகும், எண்ணெய் போகாது. வெந்நீரில் சோப்பு போட்டுக் கசக்க வேண்டும். கழற்றும் பட்டைக்கு இது இன்னொரு நன்மை, முழுத் தொப்பியையும் வெந்நீரில் போட்டு வடிவத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

திருநீறு பற்றிக் கேட்டவருக்கு: பட்டையில் ஒட்டும், துவைத்தால் போய்விடும். குங்குமம்தான் நிற்கும். உள்பட்டை வெள்ளையாக வேண்டும் என்று அடம்பிடிக்காமல் அரக்கு நிறத்தில் தைத்துக்கொள்ளுங்கள், சாயம் போகாத துணியா என்று முதலில் நனைத்துப் பார்த்துவிட்டு.

மே 6

கத்திரி தொடங்கிவிட்டது. அளவையரிடமிருந்து தகவல். நெற்றியில் கோடு இல்லை, தலைவலி இந்தப் பக்கம் வரவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பட்டையை மாற்றுகிறார், கூட வேலை செய்கிறவர்கள் தங்களுக்கும் கேட்கிறார்களாம். ஆனால் இரண்டு காதுக்கும் பின்னால் வட்டமாகச் சின்னச் சிவப்பு, அரிக்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறார்.

பட்டன் இருக்கும் இடம்தான் அது. உலோகப் பிரஸ் பட்டனில் நிக்கல் இருக்கும், வியர்வை பட்டால் கசியும், நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் நிறையப் பேருக்கு உண்டு. பட்டை ஒற்றைத் துணியாக இருக்கும் இடத்தில் பட்டனுக்கும் தோலுக்கும் நடுவே தடுப்பு போதவில்லை. பிளாஸ்டிக் பட்டனாக மாற்றித் தருகிறேன், தொப்பியை அனுப்புங்கள். அதுவரை உலோகப் பட்டன்களைக் கழற்றிவிட்டு, அந்த நாடாவிலேயே நாலைந்து இடத்தில் ஊசி நூலால் லேசாகப் பிடித்து வைத்துப் போடுங்கள். அரிப்பு ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

மற்றவர்கள் தைக்கும்போது பட்டனைக் காதுக்குப் பின்னால் வைக்காதீர்கள். பக்கவாட்டில் அந்த மடித்த துண்டுகளுக்கு நடுவே வைத்தால் பட்டை அங்கே சுவரோடு அழுந்தாது, பட்டனும் தோலைத் தொடாது.